நாற்பது நாள் அறையும் புகையும்



சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு வந்த ஒரு வீட்டுக்கு என் மனைவி போய்ப் பார்த்து வந்தார். இருபது நாள் குழந்தை, சளியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருந்தது. காற்று படக்கூடாதென்று ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணி, மக்ரிபுக்குப் பின் மறுபடியும் சாம்பிராணி, இரவெல்லாம் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி. எல்லாம் அந்த வீட்டு உம்மம்மா பாசத்தோடு செய்ததுதான். நோய்க்கு அதுவே காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் புகையை நிறுத்தும்படி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

விறகு, கரி, சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவானாலும் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் வெளியாகும். முடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராத இவை, நுரையீரலின் கடைசி அறை வரை சென்று தங்கும். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 40 முதல் 60 முறை. அதே அறையில் உடல் எடைக்கு அதிகமான புகையை இழுப்பது அந்தப் பிஞ்சு நுரையீரல்தான்.

கொசுவர்த்தியைச் சாதாரணமாக நினைக்கிறோம். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வரும் என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீட்டில் சிகரெட் பிடிப்பவரைக் கடிந்துகொள்ளும் நாம், இதைக் கைக்குழந்தையின் பக்கத்தில் வைக்கிறோம்! உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. சுருளும் விடிய விடிய எரியும் நெருப்புதானே?

கரி நெருப்பில் இன்னொரு ஆபத்து, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை, அடைத்த அறையில் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

நறுமணம் சுன்னத்தான காரியம், அதை யாரும் மறுக்கவில்லை. சாம்பிராணி போட்டே ஆக வேண்டுமென்றால் தாயும் பிள்ளையும் இல்லாத நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். புகை முழுதும் போன பிறகு குழந்தையைக் கொண்டு வாருங்கள். ஈரத் தலையைக் காயவைக்க மெல்லிய துணியே போதும். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

கொசுவலை வாங்க வசதியில்லாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் ட்ரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு முதலில் தருகிறோம்.