பெயர் தவறினால் மருந்தும் தவறும்

1998ஆம் ஆண்டின் இறுதியில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைத் தொழிலாளரிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். ஆதலின் கொசுவை ஒழிக்கப் புகை அடித்தனர்; தடுப்பூசியும் இட்டனர்; சாவு நிற்கவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிய நச்சுயிரி ஒன்றைக் கண்டறிந்தனர். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது ‘நிப்பா’ எனப்பட்டது. பரப்பியது கொசுவன்று, பன்றி என்பது தெளிவாயிற்று. 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பின்னரே நோய் அடங்கியது. அதற்குள் 105 உயிர்கள் மாண்டன.

அந்நச்சுயிரியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால். தான் நோயுறாமலே அதனைச் சுமக்கும் உயிரினம் அது. காட்டு வௌவாலுக்கு மருந்திட இயலாது, கொல்வதும் தீர்வாகாது. டுரியான் மலர்களில் மகரந்தம் சேர்ப்பவையும் வௌவால்களே. எனவே பழமரங்களுக்கும் பன்றிக்கொட்டிலுக்கும் இடையே தொலைவு காப்பதே வழி. செரண்டாத் தோட்டப்புற மாணவர்க்கு நாம் கூறவேண்டியதும் இதுவே: வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர், வௌவாலைப் பகையென்றும் பெயரிடாதீர்.