மலிவான மாத்திரை கேட்குமா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 82 பேரின் மணிக்கட்டில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்து வலியை அளந்தார்கள். பிறகு, புதிய வலிநிவாரணி என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு மாத்திரை தந்தார்கள். அதன் விலை இரண்டரை டாலர் என்று ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். தள்ளுபடியில் பத்து சென்ட் என்று இன்னொரு குழுவுக்கு. உண்மையில் இரண்டுமே மருந்தில்லாத வெற்று மாத்திரைகள். ஆனாலும், விலை உயர்ந்த மாத்திரையை விழுங்கியவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. மலிவு மாத்திரைக்காரர்களில் 61 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது. இந்த முடிவு 2008-இல் வெளியானது.

இது வெறும் பிரமை அல்ல. நம்பிக்கை பிறந்தால் மூளை தானாகவே எண்டார்பின் என்ற வலி தணிக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும். பல் பிடுங்கியவர்களிடம் 1978-இல் நடந்த ஆய்வில், எண்டார்பினைத் தடுக்கும் நாலோக்சோன் மருந்தைக் கொடுத்ததும் வெற்று மருந்தின் பலன் மறைந்துபோனது.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வலியைப் போல நம்பிக்கைக்கு வளைந்து கொடுக்காது. அங்கே மனப்பான்மை வேறு வழியில் வேலை செய்கிறது: மாத்திரையை விழுங்குவதா, நிறுத்துவதா என்று முடிவெடுப்பது அதுதான். மாரடைப்புக்குப் பின் ஜெனரிக் மருந்து (அசல் நிறுவனம் அல்லாத பிறர் தயாரிக்கும் அதே மருந்து) சாப்பிட்டுவந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி, 2014-இல் வெளியிட்டார்கள். மாத்திரையின் நிறம் மாறியபின் மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறியபின் 66 சதவீதமும் கூடியிருந்தது. உள்ளே இருந்த மருந்து மாறவே இல்லை.

நம் ஊரிலும் மாத்திரையைப் பெயரால் அறிந்தவர்கள் குறைவு. "காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்பதுதான் கணக்கு. அரசு ஆஸ்பத்திரியில் போன மாதம் வாங்கியது வெள்ளை, இந்த மாதம் கொடுத்தது ரோஸ் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். இலவசமாகக் கிடைப்பதாலேயே "அது கேக்காது" என்று ஒதுக்குபவர்களும் உண்டு.

சந்தேகம் நோயாளிகளுக்கு மட்டுமல்ல. ஜெனரிக் பெயரிலேயே மருந்து எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதியை மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. தரத்துக்கு யார் பொறுப்பு என்று அவை கேட்டன. அதே மாதத்தில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. கேள்வி நியாயமானது. தரமற்றவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிட்டுவருகிறது.

தவறான புரிதலில் எழும் சந்தேகமும் உண்டு. ஜெனரிக் மருந்துக்கு 80 முதல் 125 சதவீதம் என்றொரு வரம்பு இருப்பதைப் பார்த்து, மருந்தின் அளவே இருபது சதவீதம் குறையலாம் என்று நினைப்பவர்கள் மருத்துவர்களிடையேயும் இருக்கிறார்கள். அந்த வரம்பு மாத்திரையில் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றியதல்ல. ரத்தத்தில் மருந்து சேரும் அளவை அசல் மருந்தோடு ஒப்பிடும் புள்ளியியல் கணக்குக்கானது. 12 ஆண்டுகளில் வந்த 2,070 ஒப்பீட்டு ஆய்வுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேரும் மொத்த மருந்தில் சராசரி வித்தியாசம் சுமார் மூன்றரை சதவீதமே. வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்கான சில மருந்துகளில் மட்டும் சிறு மாற்றமும் முக்கியம் என்பதால், அவற்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

ஆகவே, ஒரே சந்தேகத்துக்கு இரண்டு மருந்துகள் தேவை. மருத்துவருக்கு வேண்டியது ஆய்வுக்கூடச் சான்று. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் மருந்துகளைத் தொகுதி தொகுதியாகப் பரிசோதித்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறையை வகுத்தது. அந்த முடிவுகள் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். நோயாளிக்கு வேண்டியதோ, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது "கலர்தான் மாறியிருக்கும்மா, மருந்து அதேதான்" என்ற ஒரு வாக்கியம். சான்று இல்லாமல் அதைச் சொல்வது பொய். சான்று இருந்தும் சொல்லாமல் விட்டால், நல்ல மாத்திரையும் டப்பாவிலேயே காலாவதியாகும்.