மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: முன்னும் பின்னும் அறிய வேண்டியவை

மார்பகத்தின் மிகைப்பெருக்கத்தால் துன்புறும் பெண்களில் பலர் நேராக எங்கள் பிரிவுக்கு வருவதில்லை. கழுத்துவலிக்காக எலும்பு மருத்துவரிடம் செல்கிறார்கள். மார்பின் அடியில் ஓயாது வரும் படைக்காகத் தோல் மருத்துவரிடம் செல்கிறார்கள். களிம்பும் வலி மாத்திரையும் சில வாரங்கள் உதவுகின்றன. கோடை பிறந்ததும் தொல்லை திரும்புகிறது. இவற்றுக்கெல்லாம் காரணம் மார்பகத்தின் எடையே என்பதை அவர்களுள் பலர் அறிந்தே இருக்கிறார்கள். ஆனால் அதை வாய்திறந்து சொல்லக் கூசுகிறார்கள். அழகுக்காக ஆசைப்படுவதாகப் பிறர் எண்ணிவிடுவார்களோ என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது.

உடலின் சுமையைக் குறைப்பதே இச்சிகிச்சையின் முதல் நோக்கம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதே வேளையில், எந்த அறுவைச் சிகிச்சையிலும் பெறுவதும் உண்டு, விட்டுக்கொடுப்பதும் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே அறிந்து முடிவெடுத்தவர்களே பின்னாளில் மனநிறைவோடு இருப்பதைக் காண்கிறோம். இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

யாருக்கு உதவும்?

கழுத்து, தோள், மேல்முதுகு ஆகியவற்றில் நாட்பட்ட வலி, உள்ளாடையின் பட்டை அழுந்தித் தோளில் பதிந்த பள்ளம், மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்குவதால் அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்று, ஓடவும் விரைந்து நடக்கவும் இயலாமை, கைவிரல்களில் மரமரப்பு. இவற்றுள் சில இருந்து, பிற சிகிச்சைகளால் நீங்காதிருந்தால் இச்சிகிச்சையைப் பற்றி எண்ணலாம்.

“உடல் எடையைக் குறைத்தால் போதாதா?” என்று பலர் கேட்கிறார்கள். மார்பகத்தில் கொழுப்பு மிகுதியாக உள்ளவர்களுக்கு அது ஓரளவு பயன் தரும். சுரப்பித் திசு மிகுதியாக உள்ளவர்களுக்குப் பயன் குறைவு. எடையைக் குறைக்கும் எண்ணம் இருந்தால், அதை முதலில் செய்து, எடை சில மாதங்கள் நிலைத்த பின் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது நல்லது. பின்னர் எடை பெரிதும் கூடினாலோ குறைந்தாலோ மார்பகத்தின் அளவும் வடிவும் மாறும்.

இளம்பெண்களைப் பொறுத்தவரை, மார்பக வளர்ச்சி நிறைவடையும் வரை காத்திருப்பதே பொது வழக்கம். கடுமையான துன்பம் இருந்தால் அதற்கு முன்பும் செய்வதுண்டு. “திருமணத்திற்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரிகிறது. பின்னாளில் பாலூட்டுவது பற்றிய கேள்வி நியாயமானது. அதைக் கீழே விளக்கியுள்ளோம். ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. விளையாட்டை விட்டுவிட்டு, துப்பட்டாவுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு கழியும் கல்லூரி ஆண்டுகள் மீண்டு வருவதில்லை. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியவர் அந்தப் பெண்ணே.

முதல் சந்திப்பு

உங்கள் துன்பத்தை முழுமையாகக் கேட்டறிந்த பின், பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்கப் பரிசோதனை நடைபெறும். உங்கள் எழுத்துப்பூர்வ இசைவுடன் ஒளிப்படங்கள் எடுக்கப்படும். அவற்றில் முகம் இடம்பெறாது. நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருப்பார்.

மூன்று செய்திகளை எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, புகையிலை. புகைப்பது மட்டுமன்று, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் அதில் அடங்கும். நிகோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, காயம் ஆறுவதைத் தடுக்கும். முலைக்காம்பின் இரத்த ஓட்டத்திற்கே ஊறு செய்யும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரங்கள் புகையிலையை அறவே தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, உட்கொள்ளும் மருந்துகள். ஆஸ்பிரின் போன்றவை இரத்தப்போக்கை மிகுவிக்கலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சத்து மாத்திரைகளையும் சேர்த்தே சொல்லுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். இதயநோய்க்காக உட்கொள்ளும் மருந்தை நிறுத்துவது ஆபத்தாகலாம்.

மூன்றாவது, தழும்பின் இயல்பு. காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்துப் புடைத்திருந்தால் காட்டுங்கள். கெலாய்டு எனப்படும் தடித்த தழும்பு உங்களுக்கு வரக்கூடும் என்பதற்கு அது ஓர் அறிகுறி.

நீரிழிவும் இரத்தசோகையும் இருந்தால் முதலில் அவற்றைச் சீர்செய்வோம். 40 வயதைக் கடந்தவர்களுக்கும், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் மேமோகிராம் போன்ற பரிசோதனைகளை முன்னதாகச் செய்யச் சொல்வோம்.

எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. முலைக்காம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் காக்கப் போதிய திசுவை விட்டுவைத்தே ஆகவேண்டும். ஆகவே உள்ளாடையின் குறிப்பிட்ட அளவை எவராலும் உறுதியளிக்க இயலாது.

அறுவைச் சிகிச்சை நாள்

அறுவைக்கு 6 மணிநேரம் முன்பிருந்து உணவும் பாலும் கூடாது. தண்ணீர் எதுவரை அருந்தலாம் என்பதை மயக்கவியல் மருத்துவர் சொல்வார். அறுவை அரங்குக்குச் செல்லுமுன் உங்களை நிற்கவைத்து, தோலின்மீது மையால் கோடுகள் வரைவோம். படுத்தால் மார்பகத்தின் வடிவம் மாறிவிடும். அதனால் இந்தக் கோடுகளே பின்னர் எங்களுக்கு வழிகாட்டி.

முழு மயக்கத்தில் நடைபெறும் இச்சிகிச்சை பெரும்பாலும் 2 முதல் 4 மணிநேரம் ஆகும். மிகையான தோல், கொழுப்பு, சுரப்பித் திசு ஆகியவற்றை அகற்றி, எஞ்சியதை மேலே உயர்த்தி வடிவமைப்போம். முலைக்காம்பு பொதுவாகத் துண்டிக்கப்படுவதில்லை. இரத்தக் குழாயும் நரம்பும் உள்ள ஒரு திசுப் பகுதியோடு இணைந்தபடியே மேலே நகர்த்தப்படும். மிகப் பெரிய மார்பகங்களில் மட்டும் சில வேளைகளில் காம்பைத் தனியே எடுத்து ஒட்ட நேரிடும். அவ்வாறு செய்தால் அதன் இயல்பான உணர்வும் பாலூட்டும் ஆற்றலும் போய்விடும். இந்த வாய்ப்பு இருந்தால் முன்னரே உங்களிடம் பேசி இசைவு பெறுவோம்.

காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றியும், அங்கிருந்து நேர்கீழாகவும், தேவையெனில் அடிமடிப்பின் நெடுகிலும் தையல்கள் அமையும். மூன்றும் சேர்ந்தால் நங்கூரம் போல் தோன்றும். அகற்றிய திசு நோயியல் ஆய்வகத்திற்கு அனுப்பப்படும். நோய் இருப்பதாக ஐயுற்று அனுப்புவதன்று இது, வழக்கமான நடைமுறை. அரிதாக, வெளியே தெரியாத நோய் அதில் கண்டறியப்படுவதும் உண்டு.

கண்விழிக்கும்போது மார்பைச் சுற்றிக் கட்டும், சிலருக்கு வடிகுழாயும் இருக்கும். வடிகுழாயைப் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் எடுத்துவிடலாம். பலர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள்.

வீடு திரும்பிய பின்

முதல் சில நாள்களில் வலியைவிட இறுக்கமும் வீக்கமும் கன்றலுமே மிகுதியாகத் தோன்றும். முதன்முறை கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது மனம் கலங்குவது இயல்பு. மார்பகம் மேலே ஏறியும் சற்றுப் பெட்டிபோலவும் தோன்றும். அது இறுதி வடிவமன்று. வீக்கம் வடிந்து, திசு இளகி, இயல்பான வடிவம் பெற 3 முதல் 6 மாதங்கள் ஆகும்.

தலைமாட்டை உயர்த்தி, மல்லாந்து உறங்க வேண்டும். முன்பக்கம் கொக்கியுள்ள தாங்கு உள்ளாடையை இரவும் பகலும் 4 முதல் 6 வாரங்கள் அணிய வேண்டும். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். படுக்கையிலேயே கிடந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும்.

அமர்ந்து செய்யும் பணிக்கு 1 முதல் 2 வாரங்களில் பலர் திரும்புகிறார்கள். பளு தூக்குவதையும் கையை ஓங்கிச் செய்யும் வேலைகளையும் 4 முதல் 6 வாரங்கள் தள்ளிவைக்க வேண்டும். இருசக்கர வாகனத்தை எங்களிடம் கேட்ட பின்னரே ஓட்டத் தொடங்குங்கள்.

உடனிருப்போருக்கு

உங்கள் உதவி மருந்தைப் போன்றே இன்றியமையாதது. தண்ணீர்க் குடம், மாவுப் பாத்திரம், எரிவாயு உருளை எதையும் அவர் தூக்கக் கூடாது. கொடியில் துணி உலர்த்துவதும் பரணிலிருந்து பொருள் எடுப்பதும் உங்கள் பொறுப்பு. தலைவாரிப் பின்னிவிடவும் முதல் சில நாள்களில் ஒருவர் வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், குழந்தையைத் தாயின் மடியில் நீங்களே எடுத்து வையுங்கள். அவர் குனிந்து தூக்க வேண்டாம்.

முட்டையும் மீனும் பருப்பும் உண்டால் காயம் சீழ்வைக்கும் என்று பத்தியம் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. அவ்வாறு சீழ்வைப்பதில்லை. காயம் ஆறப் புரதமே முதல் தேவை. அவற்றை நாள்தோறும் கொடுங்கள். தையலின்மீது மஞ்சள்தூள், எண்ணெய் போன்ற எதையும் பூச வேண்டாம். குளிக்கத் தொடங்கும் நாளை நாங்கள் சொல்வோம்.

விட்டுக்கொடுப்பவை

தழும்பு நிலையானது. முதலில் சிவந்தோ கருத்தோ இருக்கும்; 12 முதல் 18 மாதங்களில் மங்கும்; முற்றிலும் மறையாது. காம்பின் உணர்வு சிலருக்குக் குறையும், சிலருக்கு மிகும். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். இரு பக்கங்களும் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை.

பாலூட்டல் பற்றி எவரும் முன்கூட்டி உறுதி சொல்ல இயலாது. பின்னர் குழந்தை பெற்றவர்களில் முழுமையாகப் பாலூட்டுவோரும் உண்டு. ஓரளவே இயல்வோரும், அறவே இயலாதோரும் உண்டு. விரைவில் குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோர் அதன் பின்னர் இச்சிகிச்சையைச் செய்துகொள்வது நல்லது. கருவுற்றால் மார்பகம் மீண்டும் பெருகக்கூடும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

செங்குத்துத் தையலும் அடித்தையலும் சந்திக்கும் இடத்தில் சிறு பிளவு ஏற்படுவது அவ்வளவு அரிதன்று. பெரும்பாலும் கட்டு மாற்றுவதாலேயே அது ஆறிவிடும். இரத்தக்கட்டு, தொற்று, கொழுப்பு இறுகிய கட்டி ஆகியவையும் வரலாம். காம்பு இரத்த ஓட்டம் இழந்து கருகுவது அரிது. ஆயினும் அதைச் சொல்லாமல் இசைவுக் கையொப்பம் வாங்குவது முறையாகாது.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுதல், காம்பு நீலமாகவோ கருமையாகவோ மாறுதல், 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்; சீழ் அல்லது நாற்றம்; கெண்டைக்காலில் வலியும் வீக்கமும்; மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மறுநாள் பார்ப்போம் என்று காத்திராதீர்கள். நள்ளிரவாயினும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

காப்பீடு

அழகுக்கான அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பொருந்தாது. மருத்துவத் தேவை எனச் சான்று இருந்தால் சில காப்பீடுகள் ஏற்பதுண்டு. அதனால் தோல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் பெற்ற பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள். நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது நல்லது.

நிறைவாக

பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் நோயாளர்களுக்கு மிகுந்த மனநிறைவு தரும் சிகிச்சைகளுள் இது ஒன்று. தோள் இலேசானதைப் பலர் முதல் வாரத்திலேயே உணர்கிறார்கள். ஆனால் எல்லோரும் செய்துகொண்டே ஆகவேண்டிய சிகிச்சை அன்று இது. தழும்பை ஏற்க மனமில்லாதவர் வேண்டாம் என்று சொன்னால் அதுவும் சரியான முடிவே. கணவரும் பெற்றோரும் மாமியாரும் கருத்துச் சொல்லலாம், முடிவு அவருடையது.

மனத்தில் எழும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கேட்கத் தயங்கும் கேள்வியை முதல் வரியில் எழுதுங்கள். அதிலிருந்தே பேசத் தொடங்குவோம்.