பேர்மாவின் ஆறாவது எண்

எண்களின் இயல்பை ஆராயப் புகுவோர், சில இடங்களிற் கண்டதனை எல்லா இடங்களுக்கும் பொதுவாக்கும் விருப்பினை அடக்கிக்கொள்ளல் வேண்டும். இவ்வுண்மையை நன்கு புலப்படுத்துவது 4,294,967,297 என்னும் எண். இது 2-இன் 32-ஆம் வலுவோடு 1-ஐக் கூட்டப் பெறப்படுவது.

பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் வாழ்ந்த பேர்மா என்பார் நீதிமன்றப் பதவி வகித்தவர். கணிதத்தை ஓய்வுநேரக் கல்வியாகக் கொண்டவர். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு தனித்தனி 1-ஐக் கூட்டின் முறையே 3, 5, 17, 257, 65,537 பெறப்படும். இவை ஐந்தும் முதன்மை எண்கள். அஃதாவது தம்மையும் 1-ஐயுமன்றி வேறு காரணி இல்லாதவை. சுட்டியை இவ்வாறு இரட்டித்துச் செல்ல வருவன யாவும் முதன்மை எண்களே எனப் பேர்மா 1640-இல் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லையென்பதையும் உடன் கூறினார்.

ஆறாவது எண்ணே அக்கூற்றைப் பொய்ப்பித்தது. 1732-இல் ஒயிலர் என்னும் பேரறிஞர்,

4,294,967,297 = 641 × 6,700,417

எனக் காட்டினார். இவ்வெண்ணுக்கு முதன்மைக் காரணி உளதாயின் அது 64-இன் மடங்கிலும் ஒன்று கூடியதாதல் வேண்டும் என்பது அவர் பின்னர் நிறுவிய விதி. அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்வன. எனவே ஐந்தாம் முயற்சியிலேயே காரணி அகப்படுகின்றது.

நீண்ட வகுத்தலின்றியும் இதனை உணரலாம். 641 என்பது 5⁴ + 2⁴. அதுவே 5 × 2⁷ + 1 உமாம். ஆதலின்,

2³² = 2⁴ × 2²⁸ = (641 − 5⁴) × 2²⁸ = 641 × 2²⁸ − 640⁴.

640 என்பது 641-இலும் ஒன்று குறைந்தது; ஆகவே 640⁴-ஐ 641-ஆல் வகுக்க மீதி 1. இதனால் 2³²-உடன் 1-ஐக் கூட்ட, 641-ஆல் மீதியின்றி வகுபடும்.

இவ்வெண்கள் கேத்திரகணிதத்தோடும் தொடர்புடையன. நேர்விளிம்பும் கவராயமும் மாத்திரம் கொண்டு 17 பக்க ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாம் என்பதைக் கவுஸ் 1796-இல் கண்டார். அவ்வாறு அமைக்கத்தக்க பல்கோணியின் பக்க எண்ணிக்கை, வெவ்வேறு பேர்மா முதன்மை எண்களின் பெருக்கமாகவோ, அதனோடு 2-இன் வலு பெருகியதாகவோ, 2-இன் வலு மாத்திரமாகவோ இருத்தல் வேண்டும். 4,294,967,297 பக்கப் பல்கோணியை எவராலும் அவ்வாறு அமைத்தல் இயலாது. இரண்டு பக்கங் குறைந்த 4,294,967,295 பக்கப் பல்கோணியோ, கொள்கையளவில் அமைக்கத்தக்கது. ஏனெனில் அவ்வெண் 3 × 5 × 17 × 257 × 65,537 ஆகும்.

ஆறாவது எண் முதலாக அடுத்தடுத்த 28 எண்களும் முதன்மை எண்கள் அல்லவென இன்று அறிந்துள்ளோம். 65,537-க்கு அப்பால் இவ்வினத்தில் முதன்மை எண் ஒன்றேனும் இதுகாறும் அகப்பட்டிலது. அதுகொண்டு இனி இல்லையெனத் துணிதல் தகுமோ? ஐந்து எண்களை நோக்கிப் பேர்மா கொண்ட துணிபு பிழைத்தது. இருபத்தெட்டை நோக்கி நாம் கொள்ளும் துணிபும், நிறுவல் கிடைக்கும்வரை, வெறும் ஊகமே.