கடையில் கிடைக்காத பாகம்



வீட்டில் தண்ணீர்ப் பம்போ, மாவரைக்கும் இயந்திரமோ, மோட்டார் சைக்கிளோ நின்றுவிட்டால் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "சாமான் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். "இந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால், அத்துடன் அதன் ஆயுள் முடிந்தது என்று எண்ணிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு அப்பாலும் வழி உண்டு. அதை விளக்குவதற்குச் சிங்கப்பூரில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை இன்று எடுத்துக்கொள்வோம். வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருள் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காருக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், அதை ஓட வைக்கும் அறிவு உழைப்பாளியின் கையில்தான் இருக்கிறது. அந்த அறிவு நமக்கும் வேண்டியது.

சென்ற பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தோம். நமது தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவர் ஒருவர் அங்கே ஒரு பட்டறையில் லேத் வேலை செய்கிறார். தேக்காவில் தேநீர் அருந்திய பிறகு தம் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கூரையில்லாத எம்.ஜி.பி. கார் ஒன்று சக்கரங்கள் கழற்றப்பட்டு, கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட இருவர் அமரும் கார். 1980இல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது. "செய்தவன் கடையைச் சாத்திவிட்டான் சார். இனி நாம்தான் இதற்குப் பெற்றோர்" என்று மாணவர் சிரித்தார்.

இத்தகைய கார்கள் சிங்கப்பூருக்குப் புதியவை அல்ல. 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் கார்ப் பந்தயம் நடந்த ஊர் அது. ஆயினும் பழைய பாகம் கிடைப்பது அங்கே மிகவும் அரிது. காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. பழைய காரைக் கழித்துப் புதியது வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணச் சலுகை தரும் திட்டம் அங்கு 1975இல் வந்தது. 1990 முதல் கார் வைத்துக்கொள்ளத் தனி உரிமைச் சான்று வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. அதன் பிறகு பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வண்டியைக் கழித்துவிட வேண்டும். ஆகவே பெரும்பாலான கார்கள் முதுமை அடையுமுன் நாட்டை விட்டுப் போகின்றன, அல்லது நசுக்கப்படுகின்றன. கிழட்டுக் கார் இல்லாத ஊரில் கிழட்டுக் காரின் பாகம் எங்கிருந்து வரும்? 35 ஆண்டு நிறைந்த கார்களுக்கு மட்டும் ஒரு சிறப்புத் திட்டம் உண்டு. குறைந்த சாலை வரியில் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டிக்கொள்ளலாம். நாம் பார்த்த எம்.ஜி.பி. அந்தத் திட்டத்தில் உயிர் வாழ்வதுதான்.

முன்பு தேக்காவுக்கு அருகிலேயே ஒரு வழி இருந்தது. ரோச்சோர் கால்வாயை ஒட்டிய சுங்கை ரோடு சந்தையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1930களில் தோன்றியது. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கியது. சாக்கு மூட்டையோடு வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர்கள் தரையில் துணி விரித்துப் பரப்பிய பொருள்களில் கடிகாரம் முதல் கார்ச் சாமான் வரை கிடக்கும். அதை அடுத்த ஜாலான் புசார் வட்டாரத்தில் வாகன உதிரிபாகக் கடைகளும் நிறைந்திருந்தன. 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் சுங்கை ரோடு சந்தை மூடப்பட்டது. சந்தை போன பிறகு எஞ்சி நிற்பது வேலை தெரிந்தவர்களின் அறிவுதான். அந்த அறிவு எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்" என்று நமக்குப் போதித்தார்கள். பட்டறையிலும் அதே விதிதான். பாகத்தின் பெயரைச் சொல்லிக் கடை கடையாக அலைவதற்கு முன், அது என்ன வேலை செய்கிறது, எதனால் ஆனது, என்ன அளவு என்ற மூன்றையும் அறிய வேண்டும்.

முதலாவது, உறவுமுறை தேடுதல். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எல்லாமே தனிப் பாகம் என்று எண்ணக்கூடாது. 1958இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறு காரைப் பாருங்கள். அதன் இயந்திரம், நம் ஊரில் பல ஆசிரியர்களும் கிராணிமார்களும் ஓட்டிய மோரிஸ் மைனர் காரின் இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்டீயரிங் அமைப்பும் மைனரிலிருந்து வந்ததே. ஆகவே ஸ்பிரைட்டின் பாகத்தை மைனரின் பாக எண்ணைக் கொண்டும் தேடலாம். பாகப் பட்டியல் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால் தேடல் பாதி முடிந்தது.

ஆனால் உருவம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1945க்கும் 1953க்கும் இடையில் வந்த எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களின் இயந்திர போல்ட்டுக்கு இங்கிலாந்து அங்குல அளவுச் சாவிதான் பொருந்தும். மரையோ பிரெஞ்சுக்காரர்களின் மில்லிமீட்டர் அளவில் ஓடும். அந்த இயந்திரத்தைச் செய்த மோரிஸ் இயந்திரத் தொழிற்சாலை, முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டது. பழைய கருவிகளோடு பழைய மரையும் தொடர்ந்தது. தலையைப் பார்த்து அங்குல போல்ட்டை வாங்கி முறுக்கினால் மரை அழிந்து இயந்திரமே பழுதாகும். ஆகவே மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்த பிறகே முறுக்க வேண்டும்.

இரண்டாவது, தேய்ந்ததையே புதுப்பித்தல். எம்.ஜி.பி.யில் எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு உண்டு. 'எஸ்' என்பது ஸ்கின்னர் என்ற குடும்பப் பெயர். அவர்கள் காலணி வணிகக் குடும்பத்தினர். அதனாலோ என்னவோ, தொடக்க கால எஸ்.யு. கார்புரேட்டரில் தோலால் ஆன துருத்தி ஒன்று இருந்தது! நாளடைவில் அந்தக் கார்புரேட்டரின் குறுக்குத் தண்டும், தண்டு சுழலும் துளையும் தேய்ந்து இடைவெளி விழும். அதன் வழியாகக் காற்று புகுந்து இயந்திரம் சீராக ஓடாது. அதற்காக முழுக் கார்புரேட்டரையும் வீச வேண்டியதில்லை. துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, வெண்கல புஷ் ஒன்றை அழுத்திப் பொருத்தி, புதுத் தண்டு போட்டால் மீண்டும் பல்லாண்டு உழைக்கும்.

இவ்விடத்தில் மாணவர் நமக்கே ஒரு பாடம் சொன்னார். "தேய்ந்த இடத்தை அளக்கக்கூடாது சார். அப்படி அளந்து செய்தால், தேய்மானத்தையே நகல் எடுத்தது போலாகும்." தண்டின் கோடியில், எதுவும் உரசாத இடத்தில்தான் அசல் அளவு ஒளிந்திருக்கும். ஆகையால் புதிய பாகம் பொருந்தி வேலை செய்யும் வரை, உடைந்த பாகத்தை ஒருபோதும் வீசாதீர்கள். அதுவே உங்கள் வரைபடம்.

மூன்றாவது, புதிதாகச் செய்தல். அலுமினியப் பாகம் உடைந்தால் மரத்தில் மாதிரி செதுக்கி, மணல் அச்சில் உலோகம் வார்க்கலாம். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். இன்று கணினியும் துணைக்கு வந்திருக்கிறது. 292 கார்களே செய்யப்பட்ட போர்ஷே 959க்குக் கிளட்ச் நெம்புகோல் ஒன்று கிடைக்காமல் போயிற்று. போர்ஷே நிறுவனமே அதை எஃகுப் பொடியிலிருந்து, லேசர் ஒளியால் அடுக்கடுக்காக உருக்கிச் செய்து தருவதாக 2018இல் அறிவித்தது. எம்.ஜி.பி.க்கோ முழு உடற்கூடே 1988 முதல் இங்கிலாந்தில் மீண்டும் செய்யப்பட்டது. வீசப்படாமல் இருந்த பழைய அச்சுகள்தான் அதற்கு உதவின.

இனி நமக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகிறோம். பழைய காரில் இரும்பு தாக்குப்பிடித்தாலும் ரப்பர் தாக்குப்பிடிப்பதில்லை. கதவு ஓரப் பட்டை, தண்ணீர்க் குழாய், இயந்திரம் அமரும் திண்டு, பிரேக் வாஷர் எல்லாம் ரப்பர். 1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவில் கன்றாக ஊன்றப்பட்டு, 1888இல் அங்கு வந்த ரிட்லி துரை மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்ட பிறகு, நம் பாட்டன்மார் வெட்டிய பால்தான் உலகத்து வண்டிகளுக்கெல்லாம் ரப்பராயிற்று. ஆயினும் நம் ரப்பருக்கு எதிரிகள் உண்டு. வெயிலிலும், காற்றிலுள்ள ஓசோனிலும் அது வெடிக்கும். எண்ணெயிலும் பெட்ரோலிலும் ஊறினால் உப்பிவிடும். அதனால் பெட்ரோல் படும் இடத்திற்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர். வெந்நீர் படும் இடத்திற்கு வேறு வகை. அதிர்வைத் தாங்கும் திண்டுக்கோ, இன்றும் மர ரப்பருக்கு மிஞ்சியது குறைவு. எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது.

இதைத் தெரியாமல் நாமே ஒருமுறை பட்டிருக்கிறோம். நம்மிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் இருந்தது. பிரேக் எண்ணெய் குறைந்திருந்த ஒரு நாள், கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, அலமாரியில் இருந்த இயந்திர எண்ணெயை ஊற்றிவிட்டோம். இரண்டும் எண்ணெய்தானே என்று நினைத்தோம். மூன்றாம் நாள், தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடித்தது, பிறகு விடவில்லை. சக்கரத்தில் புகை கிளம்பியது. பின் இருக்கையில் நம் பிள்ளைகள் இருவர். கல் மேட்டில் மோதி வண்டி நின்றது, யாருக்கும் காயமில்லை. கழற்றிப் பார்த்தால், ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊறிய கடலையாக உப்பிக் கிடந்தன. எண்ணெயை மாற்றினால் போதாது, எண்ணெய் பட்ட ரப்பர் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். அன்று இழந்தது பணம் மட்டுமே என்பதற்காக இன்றும் நன்றி சொல்கிறோம்.

ஆகவே ஒரு கோட்டைக் கிழித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, கதவுப் பட்டை போன்றவற்றில் உங்கள் கைத்திறனைக் காட்டலாம். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், பெட்ரோல் குழாய் ஆகியவற்றில் சரியான பாகம் வரும்வரை வண்டி நிற்கட்டும். "இப்போதைக்குப் போதும்" என்ற சொல் இந்த நான்கிற்கும் ஆகாது. மலிவு விலைப் போலிக்கும் இதுவே விதி. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். அந்த மாணவர் நம் வகுப்பில் கணக்கில் பின்தங்கியவர். பின்னத்தைக் கண்டால் அழுவார். இன்று ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளந்து வேலை செய்கிறார். அன்று தாளில் இருந்த பின்னம் அவருக்குப் புரியவில்லை. இரும்பில் இருந்த பின்னம் புரிந்தது. எதையும் கழற்றிப் பார்க்கும் பிள்ளையை வைதுவிடாதீர்கள். கழற்றிய வரிசையிலேயே திருகுகளைத் தாளில் அடுக்கவும், கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும், மீண்டும் பூட்டவும் கற்றுக்கொடுங்கள். வசதியிருந்தால் தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள்.

நாம் விடைபெறும்போது மாணவர் அந்த எம்.ஜி.பி.யின் பழைய தண்டை ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். புதியது பொருந்திவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டோம். "இது இன்னொருவருக்கு அளவு காட்டும் சார்" என்றார்.