புது நக்ஷத்திரமும் அணுவின் படிகளும்

1975-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், சிக்னஸ் என்னும் நக்ஷத்திரக் கூட்டத்தில், முந்தின இரவுகளில் வெறுங் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாதிருந்த ஓரிடத்தில், திடீரென்று ஒரு நக்ஷத்திரம் ஜொலித்தது. சில தினங்களில் மங்கியும் போயிற்று. இத்தகைய வரவை மேனாட்டார் 'நோவா', அதாவது 'புதியது', என்பார்கள். உண்மையில் அது புதியதன்று. ஒரு கிழ நக்ஷத்திரத்தின் மேல் நேர்ந்த வெடிப்பே அது.

எரிந்து அடங்கிய நக்ஷத்திரம் சுருங்கி, பூமியளவே பருமனுள்ள 'வெண்குள்ளன்' ஆகிவிடுகிறது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட எடையை அது தாங்காது என்று கணித்துக் காட்டியவர், சென்னை ராஜதானிக் கலாசாலையில் பயின்ற நம் சந்திரசேகர் அல்லவா? இந்த வெண்குள்ளனுக்கு அருகில் துணை நக்ஷத்திரம் ஒன்று இருந்தால், அதன் ஹைட்ரஜன் வாயு இதன்மேல் வந்து படிந்துகொண்டே இருக்கும். படிவு கனக்கக் கனக்க உஷ்ணம் ஏறும். அணுக்கருக்கள் மோதி இணையத் தொடங்கும். உஷ்ணம் பத்துக் கோடி டிகிரியைத் தாண்டியதும் மேலடுக்கு வெடித்துச் சிதறும்.

அவ்வெடிப்பில் உண்டாகும் பொருள்களில் ஒன்று ப்ளோரின்-18. புற்றுநோயைக் கண்டறிய ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் 'பெட்' படத்துக்காக நோயாளியின் உடலில் செலுத்துவதும் பெரும்பாலும் இதுவே. 110 நிமிஷத்தில் இதில் பாதி அழிந்துவிடும். அதன் விளைவாகக் காமா கிரணங்கள் பிறக்கும். நோவா நம் கண்ணுக்குப் பளிச்சிடுவதற்கு முன்பே அக்கிரணங்கள் புறப்பட்டுவிடுமாம். அவற்றைப் பிடித்தால், வெடிப்பின் உள்ளே நடந்ததை நேரில் கண்டதற்கு ஒப்பாகும். ஆனால் எவ்வளவு தூரத்து நோவா வரையில் நம் கருவிகள் எட்டும்? அது, எவ்வளவு ப்ளோரின் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது.

அந்தப் ப்ளோரினுக்குச் சத்துரு அங்கேயே இருக்கிறது. ஒரு புரோட்டான் அதனுள் புகுந்தால், க்ஷண நேரம் நியான்-19 உண்டாகி, உடனே ஆக்ஸிஜனும் ஹீலியமுமாகப் பிளந்துவிடும். இது எத்தனை துரிதமாக நடக்கும்?

மாடிப்படி ஏறுகிறவர் ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்க முடியாது. அணுக்கருவின் சக்தியும் அவ்வாறே படிகளாக அமைந்தது. புரோட்டானோடு வரும் சக்தி நியானின் ஒரு படிக்குப் பொருந்தினால், இணைப்பு சுலபம். பொருந்தாவிட்டால் வெகு அபூர்வம். எனவே, படியின் இடத்தைச் சிறிது தவறாக எண்ணினாலும் கணக்கு பல மடங்கு பிசகிவிடும்.

ப்ளோரின்-18 நிலைத்து நில்லாதது. நோவாவுக்குரிய தாழ்ந்த வேகத்தில் புரோட்டான் அதில் புகுவதோ மிக அரிது. ஆகவே, ஜெர்மனியில் ம்யூனிக் நகருக்கு அருகேயுள்ள கார்ச்சிங்கில் விஞ்ஞானிகள் சுற்றுவழி ஒன்றைக் கைக்கொண்டார்கள். சாதாரணப் ப்ளோரின்-19 மீது ஹீலியம்-3 கருக்களைப் பாய்ச்சினார்கள். ப்ளோரின் நியான்-19 ஆயிற்று. டிரிட்டான் என்னும் கனத்த ஹைட்ரஜன் கரு வெளியே ஓடிற்று.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டுவதில்லை. வரவு தெரியும், டிரிட்டான் கொண்டுபோனது செலவு, நியானில் தங்கியது கையிருப்பு. காந்தத்தின் ஊடே செல்கையில், வேகம் மிகுந்த டிரிட்டான் குறைவாக வளையும். வேகம் குறைந்தது அதிகமாக வளையும். அது விழுந்த இடத்தை அளந்தால் படியின் உயரம் கிடைத்துவிடும். எந்தெந்தக் கோணத்தில் எத்தனை பாய்ந்தன என்பதிலிருந்து படியின் சுழற்சியையும் ஊகிக்கலாம். 2013-இல் வெளியான முடிவு என்ன? 6.41 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் உயரத்திலுள்ள புரோட்டான் வாசலை அடுத்த முக்கியமான படிகளின் சுழற்சி, அதுவரை எண்ணியிருந்தபடி இல்லை! பழைய கணக்குகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

1983-ஆம் வருஷத்து நோபல் பரிசைச் சந்திரசேகரோடு பகிர்ந்துகொண்டவர், நக்ஷத்திரங்களின் அணுக்கரு வினைகளை ஆராய்ந்த அமெரிக்கர் பௌலர். ஒருவர் நக்ஷத்திரத்தின் உடலைக் கணித்தார். மற்றவர் அதன் அடுப்பை ஆராய்ந்தார். இன்று கல்கத்தாவில், மேகநாத ஸாஹா தோற்றுவித்த அணுக்கரு ஆராய்ச்சிக் கழகத்தில், இவ்வேலைக்கென்றே 30 லட்சம் வோல்ட் யந்திரம் ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. வான வெடியை அளக்கும் படிக்கோல் நம் நாட்டிலும் இருக்கிறது. அதைப் பிடிக்கும் கைகள் நம் வீட்டுக் குழந்தைகளுடையவையாக இருக்கட்டும்.