ஊசியும் நூலும் தீட்டிய ஓவியங்கள்

ஓவியம் என்றதும் தூரிகையும் வண்ணமும் நம் நினைவுக்கு வருகின்றன; ஊசியும் நூலும் வருவதில்லை. தையல் வகுப்பில் நாம் கற்கும் ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் கைக்குட்டைக்கும் தலையணை உறைக்கும் அழகு சேர்க்கவே என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுப் பெண்கள் தங்கள் துயரத்தை உலகுக்கு உரைக்கவே ஊசியை எடுத்தனர்.

கோணித் துணியை அந்நாட்டினர் ‘அர்ப்பியேரா’ என்பர். அதன்மேல் தைக்கும் படங்களுக்கும் அப்பெயரே வழங்குகிறது. சிலியின் புகழ்பெற்ற பாடகி வியோலெத்தா பார்ரா கம்பளி நூலால் தைத்த படங்கள், 1964-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் லூவர் அரண்மனையிலுள்ள அலங்காரக் கலைக் காட்சியகத்தில் வைக்கப்பட்டன.

1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தளபதி பினோசே தலைமையில் 1990 வரை நீடித்த அவ்வாட்சியில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். கைதான மகனையும் கணவனையும் தேடிப் பெண்கள் சிறைவாசல்களில் அலைந்தனர். அவர்களுக்கு உதவ, பல சமயத்தாரும் கூடி அமைத்த குழு அரசின் நெருக்கடியால் 1975-இல் கலைக்கப்பட்டது. சாந்தியாகோ பேராயர் கர்தினால் சில்வா என்ரீக்கெஸ் சோர்ந்துவிடவில்லை. 1976-இல் திருச்சபையின் பெயராலேயே ‘ஒருமைப்பாட்டுப் பணியகம்’ ஒன்றை நிறுவினார். அதன் அரவணைப்பில் பெண்கள் ஒன்றுகூடித் தைத்தனர்.

செய்முறை எளியது. மாவுச் சாக்கை வெட்டி விரிப்பர். பழந்துணிகளை மலை, வீடு, மரம் என்று கத்தரித்து அதன்மேல் வைத்து, ஓரங்களைக் கம்பளி நூலால் தைப்பர். மனிதர்களுக்குச் சிறு துணிப் பொம்மைகள். பின்னணியில் பெரும்பாலும் ஆண்டீஸ் மலைத்தொடர் நிற்கும். சுற்றிலும் குரோஷா பின்னலால் கரை கட்டுவர். காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே துணி எடுத்தோரும் உண்டு.

படங்களின் வண்ணங்கள் பளிச்சென்றிருக்கும். பொருளோ நெஞ்சை உருக்கும். ஒரே பாத்திரத்தில் பலர் குடும்பத்துக்கும் சேர்த்துச் சமைக்கும் காட்சி ஒன்று. மூடப்பட்ட தொழிற்சாலை மற்றொன்று. “எங்கே அவர்கள்?” என்ற பதாகையைப் பெண்கள் ஏந்தி நிற்பது வேறொன்று. தைத்தவர்கள் அஞ்சிப் பெயரைப் பொறிக்கவில்லை. பணியகத்தின் வழியாக இப்படங்கள் வெளிநாடு சென்றன. செய்தித்தாள்கள் எழுத இயலாததை அவை சொல்லின. விற்ற பணம் அவர்களுடைய பிள்ளைகளின் பசி தீர்த்தது.

இப்பெண்களில் பலர் ஓவியம் பயின்றவரல்லர். அவர்களுடைய தையலில் நுணுக்கம் குறைவு, உண்மை நிறைவு. அதனால்தான் அப்படங்களை இன்று அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கின்றன.

அன்புத் தோழியரே! நம் தையற்பெட்டியிலும் துண்டுத் துணிகள் கிடக்கின்றன. அச்சிட்ட பூவையே மீண்டும் மீண்டும் தைக்காமல், நம் தெருவையும், குடத்துடன் குழாயடியில் காத்திருக்கும் அன்னையரையும் தைத்துப் பார்க்கலாமே! கண்டதை உள்ளபடி சொல்ல, கற்ற தையலே போதும்.